கிட் கிளீன்: அந்த எக்ஸை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், நிரல் எழுதப் பழகும் மாணவர்களுக்கான குறிப்புகளில், வேலை ஃபோல்டரைச் சுத்தம் செய்ய ஒரே வரி போதும் என்று கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் கிளீன் கட்டளையைத் தந்திருந்தீர்கள். 'எஃப்', 'டி', 'எக்ஸ்' என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி அடித்து என்டர் தட்டச் சொல்லியிருந்தது. கட்டளையில் பிழை இல்லை. அது செய்யும் என்று நீங்கள் எழுதியதை அப்படியே செய்யும். எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் செய்துவிடும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். ஓரெழுத்து சுவிட்சுக்கு (கட்டளையோடு சேர்க்கும் தெரிவுக்கு) முன்னால் ஒரு சிறுகோடு, முழுச்சொல் சுவிட்சுக்கு முன்னால் இரண்டு சிறுகோடு என்று வைத்துக்கொள்ளவும்.

கிட்டின் கணக்கில் ஒரு ஃபோல்டரில் மூன்று வகைக் கோப்புகள் உண்டு. பதியச் சொல்லி கிட்டிடம் கொடுத்தவை (ஆட் செய்தவை), பதிவாகிவிட்டவை (கமிட் ஆனவை) முதல் வகை. ஆட் செய்யாமல் சும்மா கிடப்பவை இரண்டாம் வகை. இவற்றை அன்ட்ராக்டு என்பார்கள். கிட் ஸ்டேட்டஸை ஷார்ட் சுவிட்சோடு ஓட்டினால் இவற்றின் முன்னால் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும். இதைக் கண்டுகொள்ளாதே என்று கிட்இக்னோர் கோப்பில் நாமே பெயர் எழுதி வைத்தவை மூன்றாம் வகை. ஸ்டேட்டஸில் இக்னோர்டு என்ற சுவிட்சையும் சேர்த்தால் இவை இரண்டு ஆச்சரியக்குறிகளோடு வரும். கிளீன் முதல் வகையைத் தொடாது. இரண்டாம் வகையை அழிப்பதுதான் அதன் வேலை. 'டி' போட்டால் அந்த வகை ஃபோல்டர்களையும் சேர்த்து அழிக்கும். 'எக்ஸ்' போட்டால் மூன்றாம் வகையும் போய்விடும்.

முதல் வகைக் கோப்பு ஒன்றைக் கை தவறி அழித்துவிட்டால் கிட் ரெஸ்டோர் என்று அடித்துத் திரும்ப எடுக்கலாம். அதன் பிரதி, கிட் தன் பதிவுகளை வைக்கும் டாட் கிட் ஃபோல்டருக்குள் இருக்கிறது. கிளீன் அழிப்பவையோ பெரும்பாலும் கிட்டிடம் பிரதியே இல்லாத கோப்புகள். அவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. ரெஃப்லாக்கில் தேடியும் பயனில்லை. ரெஃப்லாக் கமிட்டுகளின் தடம். கமிட்டே ஆகாத கோப்புக்கு அங்கே தடம் ஏது? 'வெர்ஷன் கன்ட்ரோல் இருக்கிறது, எதையும் மீட்டுவிடலாம்' என்ற தைரியம் இந்த ஒரு கட்டளையின் முன் செல்லாது.

இது கிட்டை எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் வெறுமனே கிட் கிளீன் என்று அடித்தால் அது வேலை செய்ய மறுக்கிறது. ரிக்வயர்ஃபோர்ஸ் என்ற அமைப்பு ஆரம்பத்திலிருந்தே ஆன் நிலையில் இருப்பதால், 'எஃப்' தராதவரை சுத்தம் செய்யமாட்டேன் என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். இந்த மறுப்பைத் தொல்லையாக நினைத்து அந்த அமைப்பையே ஃபால்ஸ் ஆக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. கத்தியின் உறையைக் கழற்றி வீசிவிட்டு இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரி அது.

சரி, 'எஃப், டி, எக்ஸ்' என்ற இந்த மும்மூர்த்தி எங்கிருந்து புழக்கத்துக்கு வந்தது? நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் பில்ட் சர்வர்கள் இதைத்தான் ஓட்டுகின்றன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (நிரலைக் கொண்டுவரும் படி), நாம் எதையும் மாற்றாவிட்டால், 'எஃப்' இரண்டு, 'டி', 'எக்ஸ்' என்றுதான் கிளீனை அழைக்கிறது. கிட்லேப் ரன்னரும் அதே நான்கு எழுத்துகளைத்தான் வைத்திருக்கிறது. அங்கே அது முழுக்க நியாயம். அந்த ஃபோல்டரில் மனிதர் எவரும் உட்கார்ந்து எழுதுவதில்லை; போன பில்டின் மிச்சம் மட்டுமே கிடக்கும். சாவிகளும் கடவுச்சொற்களும் வெளியிலிருந்து தனியாக வந்து சேரும். அதே வரியை ஒரு மாணவரின் லேப்டாப்பில் ஓட்டும்போது நிலைமை வேறு. அங்கே இக்னோர் பட்டியலில் இருப்பதெல்லாம் குப்பை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பட்டியலில் வழக்கமாக என்ன இருக்கும் என்று பாருங்கள். நோட் மாட்யூல்ஸ் (நிரலுக்காக இறக்கிய நூலகங்கள்), பைத்தானின் பைகேஷ், பில்ட் ஃபோல்டர் ஆகியவை போனால் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். நெட்டும் நேரமும் செலவாகும், அவ்வளவுதான். ஆனால் அதே பட்டியலில் டாட் என்வ் கோப்பும் இருக்கும். டேட்டாபேஸ் கடவுச்சொல், ஏபிஐ சாவி எல்லாம் அதில்தான். ரகசியம் என்பதற்காகவே அதை கிட்டுக்குள் விடாமல் வைத்திருக்கிறோம், ஆகவே வேறெங்கும் பிரதி இருக்காது. சோதனைக்காகப் பாடுபட்டு நிரப்பிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு, எடிட்டரின் அமைப்புகள், ஆண்ட்ராய்டு செயலியில் கையொப்பமிடும் கீஸ்டோர் கோப்பு எல்லாம் பெரும்பாலும் இங்கேதான். கிளவுடில் சர்வர்களை உருவாக்கும் டெராஃபார்ம் கருவியைப் பயன்படுத்துபவர், உருவாக்கியவற்றின் பதிவான ஸ்டேட் கோப்பைத் தன் கணினியிலேயே வைத்திருந்தால் அதுவும் இக்னோர் ஆகியிருக்கும். அது அழிந்தால் கிளவுடில் ஓடும் சர்வர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும். அவை தான் உருவாக்கியவை என்பது மட்டும் டெராஃபார்முக்குத் தெரியாது.

ஆகவே முதல் திருத்தம்: 'என்' இல்லாமல் தொடங்கக் கூடாது. 'என்' என்பது ட்ரை ரன். எதையும் அழிக்காமல், எதை எதை அழிக்கப்போகிறது என்று மட்டும் காட்டும். இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. பலர் வெறும் 'என்' போட்டுப் பார்க்கிறார்கள், இரண்டு லாக் கோப்புகளின் பெயர் வருகிறது, நிம்மதியாகி 'எஃப், டி, எக்ஸ்' என்று தட்டுகிறார்கள். பார்த்த பட்டியல் வேறு, அழிந்த பட்டியல் வேறு. 'டி' இல்லாதபோது கிளீன் அன்ட்ராக்டு ஃபோல்டர்களுக்குள் நுழைவதே இல்லை. 'எக்ஸ்' இல்லாதபோது இக்னோர் கோப்புகளைப் பார்ப்பதில்லை. எந்த எழுத்துகளோடு அழிக்கப்போகிறோமோ அதே எழுத்துகளோடுதான் ஒத்திகை பார்க்க வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு. 'என்', 'எஃப்' இரண்டும் சேர்ந்து வந்தால் 'என்' சொல்வதுதான் எடுபடும், எதுவும் அழியாது. ஓட்ட நினைக்கும் கட்டளையை முழுசாக அடித்து, அதில் 'என்' ஒன்றைச் செருகி ஓட்டுங்கள். பட்டியல் திருப்தி என்றால் மேல் அம்புக்குறியைத் தட்டி, அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பட்டியலைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு ஃபோல்டர் முழுவதும் அன்ட்ராக்டு என்றால், உள்ளே நானூறு படங்கள் இருந்தாலும் ஃபோல்டர் பெயரும் ஒரு சாய்கோடும் மட்டும் ஒரே வரியில் வரும். உள்ளே இருப்பதைப் பார்க்க கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையை அதர்ஸ், எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட் என்ற இரண்டு சுவிட்சுகளோடு ஓட்டினால் கோப்பு கோப்பாக வரும். காலி ஃபோல்டர் விஷயம் இன்னும் வேடிக்கை. கிட்டுக்குக் காலி ஃபோல்டரைப் பதியத் தெரியாது, ஸ்டேட்டஸும் காட்டாது. ஆனால் 'டி' போட்டால் கிளீன் அதை அழிக்கும். மறுநாள் நிரல் லாக்ஸ் ஃபோல்டரில் எழுதப் போய், அப்படியொரு இடமே இல்லை என்று விழும். அதற்குத்தான் உள்ளே கிட்கீப் என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டு கமிட் செய்யும் வழக்கம். அந்தப் பெயருக்கு கிட்டில் தனி மதிப்பு ஏதும் கிடையாது, எந்தப் பெயரானாலும் சரி.

இன்னொன்று: கிளீன் நாம் நிற்கும் ஃபோல்டரிலிருந்து கீழ்நோக்கி மட்டுமே வேலை செய்யும். ஸ்டேட்டஸோ ரெப்போ (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) முழுவதையும் காட்டும். உள் ஃபோல்டர் ஒன்றில் நின்று ஓட்டிவிட்டு, மேலே உள்ள குப்பை ஏன் போகவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு. அந்தக் குழப்பத்தில் ரெப்போவின் உச்சிக்குப் போய் இன்னும் இரண்டு எழுத்து சேர்த்து ஓட்டும்போதுதான் வினை. இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். சுத்தம் செய்யவேண்டியது பில்ட் ஃபோல்டர் மட்டும் என்றால் கட்டளையின் கடைசியில் அதன் பெயரைத் தாருங்கள். மற்ற இடத்துக்கு அது போகாது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் அடுத்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கள் குறிப்பு தமிழ் வாசகருக்கானது என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். ஒத்திகைப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் தமிழாக வராது. கோட்பாத் என்ற கிட் அமைப்பு தொடக்கத்தில் ட்ரூ என்று இருக்கிறது. ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண்களுக்கான குறியீடு) வரம்புக்கு வெளியே உள்ள ஒவ்வொரு பைட்டையும் அது சாய்கோடும் மூன்று எண்ணுமாக மாற்றிக் காட்டும். யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'க' என்ற ஓரெழுத்து \340\256\225 என்று தெரியும். 'கவிதை' என்பது க, வ, இகரக் கொக்கி, த, ஐகாரக் குறி என 5 குறியீடு, 15 பைட், திரையில் 60 எழுத்து. பட்டியலில் இப்படிப் பத்து வரிகள் வந்தால் எது கவிதை, எது கணக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. 340, 256 என்று தொடங்கும் வரிகளைப் பார்த்து, ஏதோ கெட்டுப்போன தற்காலிகக் கோப்பு போலிருக்கிறது, போகட்டும் என்று 'எஃப்' தட்டுவதுதான் நடக்கும். ஒத்திகை பார்த்தும் பயனில்லாமல் போகும் இடம் இது.

தீர்வு ஒரே வரி. கிட் கான்ஃபிக், குளோபல் சுவிட்ச், கோர் புள்ளி கோட்பாத், ஃபால்ஸ். ஒரு முறை ஓட்டினால் அந்தக் கணினியில் உங்கள் எல்லா ரெப்போவுக்கும் பொருந்தும். அதன்பின் பெயர்கள் தமிழிலேயே வரும். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் தள்ளித் தள்ளி நிற்கும், ஆனாலும் படித்துவிடலாம்.

தமிழ்ப் பெயரில் இன்னொரு நுணுக்கம் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில். 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறி ஒற்றைக் குறியீடாகவும் பதிவாகலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் பதிவாகலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைட் கணக்கில் வேறு வேறு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த கோப்பின் பெயரை நீங்கள் கிட்இக்னோரில் ஒற்றைக் குறியீடாக அடித்திருந்தால் இரண்டும் பொருந்தாது. இக்னோர் ஆகிவிட்டது என்று நீங்கள் நம்பும் கோப்பு உண்மையில் அன்ட்ராக்டாக நிற்கும்; 'எக்ஸ்' இல்லாமலே அழியும். சந்தேகம் இருந்தால் கிட் செக்-இக்னோர் என்று அடித்து, 'வி' சுவிட்சோடு கோப்பின் பெயரைத் தாருங்கள். எந்த இக்னோர் கோப்பின் எத்தனையாவது வரி அதைப் பிடிக்கிறது என்று சொல்லும். பதிலே வராவிட்டால் எந்த வரியும் பிடிக்கவில்லை.

இதே விபத்து ஆங்கிலப் பெயர்களுக்கும் வேறு வழியில் நேரும். கிட்இக்னோர் கோப்பும் கமிட் ஆகும் கோப்புதான், கிளைக்குக் கிளை (ஒரே நிரலின் தனித்தனிப் பாதைகள்) மாறும். டாட் என்வ் என்ற வரியைப் புதுக் கிளையில் சேர்த்துவிட்டுப் பழைய கிளைக்குத் தாவினால், அங்கே அந்த வரி இருக்காது. நேற்று வரை மூன்றாம் வகையாக இருந்த கோப்பு அந்த நொடியில் இரண்டாம் வகையாகிவிடும். வெறும் 'எஃப், டி' போதும், போய்விடும். எந்தக் கிளையிலும் மாறாமல் இருக்கவேண்டிய பெயர்களை டாட் கிட் ஃபோல்டருக்குள் உள்ள இன்ஃபோ என்பதன் எக்ஸ்க்ளூட் கோப்பில் எழுதிவைக்கலாம். அது கமிட் ஆவதில்லை, கிளை மாறினாலும் நிற்கும். 'எக்ஸ்'ஸிடமிருந்து அதுவும் காப்பாற்றாது.

இக்னோர் கோப்புகளில் சிலதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழிக்க 'ஈ' சுவிட்ச் இருக்கிறது. எக்ஸ்க்ளூட் என்பதன் முதலெழுத்து. சின்ன 'எக்ஸ்'ஸோடு 'ஈ' போட்டு டாட் என்வ் என்று தந்தால் அந்தக் கோப்பு தப்பும். பெரிய 'எக்ஸ்' வேறு வகை. அது அன்ட்ராக்டை விட்டுவிட்டு இக்னோர் ஆனவற்றை மட்டும் அழிக்கும். எழுதி முடிக்காத புதிய நிரல் கோப்புகளைத் தொடாமல் பில்ட் மிச்சத்தை மட்டும் போக்க அது நல்ல கருவி. ஆனால் அதோடு 'ஈ' சேர்த்தால் அர்த்தம் தலைகீழாகும். 'ஈ' உண்மையில் செய்வது, தந்த பெயரை இக்னோர் விதிகளோடு சேர்ப்பது. பெரிய 'எக்ஸ்' இக்னோர் ஆனதைத்தான் அழிக்கும். ஆக, காப்பாற்று என்று சொன்ன கோப்பையே எடுத்து அழிக்கும். இங்கே பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டுத் தரவேண்டும், அதையும் ஒற்றை மேற்கோளுக்குள். இல்லையென்றால் பாஷ் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் நிரல்) அந்தக் குறியைப் பழைய கட்டளையைத் தேடும் குறியாக எடுத்துக்கொள்ளும். நட்சத்திரக் குறி உள்ள பெயர்களுக்கும் மேற்கோள் வேண்டும். இல்லாவிட்டால் கிட்டிடம் போவதற்கு முன்பே ஷெல் அதை விரித்துவிடும்.

'எஃப்' இரட்டிப்பதைப் பற்றி ஒரு வரி. உங்கள் ரெப்போவுக்குள் வேறொரு ரெப்போவைக் குளோன் செய்து (பிரதியெடுத்து) வைத்திருந்தால், ஒற்றை 'எஃப்' அதைத் தாண்டிப் போய்விடும். இரண்டு 'எஃப்' போட்டால் அதன் டாட் கிட் ஃபோல்டரோடு சேர்த்து அழிக்கும்; புஷ் செய்யாத (வெளி சர்வருக்கு அனுப்பாத) கமிட்டுகளும் அதோடு போகும். பில்ட் சர்வரின் வரியை அப்படியே நகலெடுக்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பட்டியல் நீளமாக இருந்து, சிலது வேண்டும் சிலது வேண்டாம் என்றால் 'ஐ' சுவிட்ச் வசதி. ஆறு தெரிவுகள் கொண்ட மெனு வரும். அதில் எண் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம், பேட்டர்ன் கொடுத்துக் கழிக்கலாம், ஒவ்வொன்றாகக் கேள் என்றும் சொல்லலாம். 'எஃப்' தேவையில்லை. புதிதாகப் பழகுபவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

விண்டோஸில் டெவலப்மென்ட் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளீன் ஓட்டினால் பூட்டிய கோப்புகளில் சிக்கி, அழிக்க முடியவில்லை, மறுபடி முயலவா என்று கேட்கும். பாதி அழிந்த நோட் மாட்யூல்ஸோடு நிற்க நேரும். சர்வரை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

உண்மையில் இடம் காலியாக வேண்டும் என்பதை விட, இப்போதைக்குக் கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்பதுதான் பெரும்பாலான நேரம் நம் தேவை. அதற்கு கிட் ஸ்டாஷ் 'யு' சுவிட்சோடு இருக்கிறது. அன்ட்ராக்டு கோப்புகளையும் கிட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு ஃபோல்டரைச் சுத்தமாக்கும். ஸ்டாஷ் பாப் செய்தால் திரும்ப வரும். பாதியில் நிற்கும் திருத்தங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். நிரல் வெறும் ஃபோல்டரிலிருந்து பில்ட் ஆகிறதா என்று பார்ப்பது நோக்கம் என்றால் எதையுமே அழிக்க வேண்டாம். பக்கத்தில் வேறொரு ஃபோல்டரில் அதே ரெப்போவைக் குளோன் செய்து அங்கே பில்ட் ஓட்டுங்கள். கணினியிலேயே உள்ள ரெப்போவைக் குளோன் செய்ய நெட்டும் வேண்டாம், பெரும்பாலும் சில நொடிதான். கமிட் செய்ய மறந்த கோப்பு எது என்பதும் அங்கே தெரிந்துவிடும். மாணவர்கள் புராஜெக்டை ஒப்படைக்கும் முன் செய்யவேண்டிய சோதனை இதுதான்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டவர்களுக்கு: முதலில் அந்த வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள், நூலகங்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டாலும் சேர்த்து. எடிட்டரின் நினைவைப் பாருங்கள். விஎஸ் கோடில் சேமித்த கோப்பானால் கட்டளைப் பலகையில் லோக்கல் ஹிஸ்டரி என்று தேடினால் மீட்பதற்கான தெரிவு வரும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்தால் அதே பெயரில் இருக்கும். அந்தக் கோப்பை எப்போதாவது ஒரு முறை ஆட் செய்து பிறகு விலக்கியிருந்தால் கிட்டிடமே பிரதி இருக்கலாம். கிட் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட்-ஃபவுண்ட் சுவிட்சோடு ஓட்டினால், அநாதையாகக் கிடக்கும் உள்ளடக்கங்களை டாட் கிட்டுக்குள் அதே பெயருள்ள ஃபோல்டரில் கொட்டும். கோப்புப் பெயர் இருக்காது, திறந்து பார்த்துத்தான் அடையாளம் காணவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பழையவற்றை கிட்டின் குப்பை அகற்றல் எடுத்துவிட்டிருக்கலாம். எஸ்எஸ்டி வட்டில் ட்ரிம் (அழிந்த கோப்பின் இடத்தைத் துடைக்கும் வேலை) ஓடியிருந்தால் அன்டிலீட் மென்பொருள்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

தங்கள் பக்கத்தில் திருத்தம் வெளியிட்டால் 'எக்ஸ்'ஸை எடுத்துவிட்டு, 'என், டி' என்று ஒரு வரியும், பட்டியலைப் படித்தபின் 'எஃப், டி' என்று அடுத்த வரியும் தரக் கோருகிறேன். கோட்பாத் வரியையும் அவற்றுக்கு மேலே சேர்த்தால் நல்லது. அச்சுக்கோப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: சென்ற முறை சுவிட்சுகளுக்கு முன் சிறுகோட்டுக்குப் பதிலாக நீளக்கோடு விழுந்திருந்தது. அதைப் பார்த்து அப்படியே அடிப்பவருக்கு கிட் அதைச் சுவிட்சாக எடுத்துக்கொள்ளாது, கோப்பின் பெயராகத்தான் தேடும். வளைந்த மேற்கோள் குறியும் அப்படியே; ஷெல்லுக்கு நேர்க்குறிதான் புரியும்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர் ஒருவர்,
கோயம்புத்தூர்.